செல்லின் தோலைத் தாண்டி

திருச்சியில் பேருந்து ஏறியதும் அக்கா என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, தான் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் காற்றுக்கு ஆசைப்படாத ஆள் இல்லை. ஆனால் அவர் மடியில் இருந்தவற்றின் மேல் வெயில் படக்கூடாது. துண்டில் சுற்றிய இரண்டு சிறிய பிளாஸ்டிக் குடுவைகள். கழுத்து வரை இளஞ்சிவப்பான திரவம். அதன் அடியில், தளத்தோடு ஒட்டியபடி, கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள செல்கள். என் மடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இருந்தது. இரண்டையும் திருச்சியில் ஓர் ஆய்வகத்திலிருந்து வாங்கி வருகிறோம். செல்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயரை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அன்று திங்கள்.

நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, ரோஸ் மில்க்கா? ஊரு போறதுக்குள்ள சூடாகிப் போயிருமே."

"சூடாத்தாங்க இருக்கணும். அதுக்குத்தான் மடியில வச்சிருக்கேன்."

"சூடான ரோஸ் மில்க்கு எந்தக் கடையில விக்கிது?"

"இது குடிக்கிறது இல்லங்க, உசுரு. மனுசக் கல்லீரல்ல உள்ள செல்லு. லேபுக்குக் கொண்டுபோறோம்."

அவர் அரை அடி பின்னால் நகர்ந்தார். பிறகு டிக்கெட் கருவியைத் தட்டியபடி, "அப்ப டிக்கெட்டு ரெண்டா, நாலா?" என்றார்.

"மடியில இருக்கிறதுக்கு எந்த ஊருலங்க டிக்கெட்டு? ரெண்டே குடுங்க."

கீரனூர் வருவதற்குள் அந்தச் செய்தி ஓட்டுநர் வரை போய்விட்டது. வேகத்தடை வரும்போதெல்லாம் நடத்துநர் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அண்ணே, மெதுவா! பின்னாடி உசுரு வருது!" பேருந்தில் இருந்த எல்லோரும் ஏதோ கர்ப்பிணி இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரிக்காமல் குடுவைகளை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மனித உடம்பின் சூடுதான் அந்தச் செல்களுக்கு வேண்டிய சூடு. அதைவிடச் சரியான பெட்டி எங்களிடம் இல்லை.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு முன்னால் சேர்ந்தவர். மீமிசல்காரர். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு அங்கே ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றும் வியாபாரம். நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவே வளர்ந்தவள். கருவியியல் படித்துவிட்டு அந்த ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எதையும் பட்டியல் போடாமல் தொடங்க மாட்டேன். அக்கா பட்டியலே போட மாட்டார். அப்படியும் அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. முதல் ஆறு மாதம் அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

அவருடைய ஆராய்ச்சியை எளிதாகச் சொல்லிவிடலாம், செய்வதுதான் கடினம். சர்க்கரை நோய்க்கு நாம் எடுக்கும் பரிசோதனை எல்லாம் இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் ஓடுகிறது என்றுதான் சொல்லும். அந்தக் குளுக்கோஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததா, நுழைந்த பிறகு எவ்வளவு நேரம் இருந்தது என்று அது சொல்லாது. அக்கா இதை எங்கள் வகுப்புக்கு விளக்கும்போது ஒருமுறை, "விருந்தாளி தெருவுல நிக்கிறாரான்னு எல்லாரும் எண்ணிக்கிட்டே இருக்கோம். வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டாரான்னு யாருமே எட்டிப் பாக்கல" என்றார். எட்டிப் பார்ப்பதற்குத்தான் அவர் ஓர் ஊசி செய்துகொண்டிருந்தார்.

ஊசி என்பதும் பேச்சுக்குத்தான். மெல்லிய கண்ணாடிக் குழாயை நடுவில் சூடாக்கி இரண்டு பக்கமும் இழுத்தால், பாகு நூலாவது போல நீண்டு அறும். அறுந்த முனை செல்லைவிடப் பல மடங்கு சிறியது. நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடி மெலிந்துகொண்டே போய் ஓரிடத்தில் காணாமல் போகும். முனை அதற்கும் அப்பால் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குழாய்க்குள் கரியைப் படிய வைத்து, முனையில் பிளாட்டினத்தை ஒட்டி, அதன் மேல் குளுக்கோஸை மட்டும் பிடித்து உடைக்கும் நொதியைப் பூச வேண்டும். நொதி குளுக்கோஸை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது பிளாட்டினத்தைத் தொட்டதும் ஒரு சிறு மின்னோட்டம் பிறக்கும். குளுக்கோஸ் அதிகமானால் மின்னோட்டமும் ஏறும். சிறு மின்னோட்டம் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் சாதாரணக் கருவிகளின் கண்ணுக்கு அது படவே படாது. அதனால்தான் அதைப் பெருக்கிக் காட்ட இரவல் ஆம்ப்ளிஃபயர்.

அந்த முனைகளைச் செய்யும்போது அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். பேசிக்கொண்டே செய்வார், ஆனால் முனை அருகே கை போனதும் பேச்சு பாதி வார்த்தையில் நின்றுவிடும். முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். செய்த முனைகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் தோற்ற முனைகளின் காரணங்களை வகை பிரித்து எழுதினேன்: உடைந்தது, அடைத்தது, கசிந்தது, காரணம் தெரியாதது. அவர் கடைசி வகையைப் பார்த்து, "இதுல என் பேரையும் எழுதிக்க" என்றார்.

அவருக்கு அந்த வாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தபோது அவர் பதிவு செய்த ஆய்வேட்டின் தலைப்பில் 'உயிருள்ள செல்லுக்குள்' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. தண்ணீரில், உப்புக்கரைசலில், செல் வளர்க்கும் திரவத்தில் எல்லாம் அவருடைய ஊசி, அந்தச் சென்சார், வேலை செய்வதை நிரூபித்துவிட்டார். செல்லுக்குள் மட்டும் இன்னும் இல்லை. கால நீட்டிப்பு முடிந்துவிட்டது. இனி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். அவர் மென்மையாகத்தான் சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா அந்த ரெண்டு வார்த்தைய எடுத்துட்டு சப்மிட் பண்ணிரலாம்மா. ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "பந்தலப் போட்டு, பாய விரிச்சு, பிரியாணியையும் ஆக்கி வச்சிட்டு, மாப்பிள்ளைய மட்டும் எடுத்துரலாம்கிறாரு. ஒண்ணும் கொறஞ்சு போகாதாம்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் இரைச்சலில் போனது. காதில் கேட்கும் இரைச்சல் இல்லை. திரையில் நேர்கோடாக வர வேண்டிய மின்னோட்டம், ஏற்றமும் இறக்கமுமாக, பட்டையாக நடுங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஓடும் கரண்டு எப்படியோ எங்கள் முனைக்குள் புகுந்துவிடுகிறது என்று அர்த்தம். அதைத் தடுக்கத்தான் கருவியைச் சுற்றி ஒரு செம்பு வலைக் கூண்டு வைத்திருந்தோம். திருமயம் சாலையில் கோழிக்கூண்டு செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்தது. கதவுக்குக் கோழிக்கூண்டின் கொக்கியையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பெயரும் கோழிக்கூண்டுதான்.

நான் பட்டியலை எடுத்தேன். மின்விசிறியை நிறுத்தினோம். டியூப் லைட்டை அணைத்தோம். எல்லோருடைய போனும் வராந்தாவுக்குப் போனது. பக்கத்து அறைக் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினோம். சுற்றுச்சுவருக்கு அப்பால் கடலைக் கொல்லையில் மோட்டார் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். கொல்லைக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "த்ரீ பேஸே இன்னும் வரலம்மா, எங்க ஓடுறது?" என்றார். அதையும் பட்டியலில் அடித்துவிட்டேன். வியர்வை முதுகில் ஓடியதுதான் மிச்சம். கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது.

அக்கா என் பட்டியலைக் கேட்கவில்லை. கூண்டிலிருந்து புறப்படும் எர்த் கம்பியைத் தொட்டு, அதன் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனார். மேசைக்கு அடியில், சுவர் ஓரத்தில், கம்பி போய்ச் சேரும் போல்ட் வரை குனிந்து போனார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"ஏ புள்ள, இங்கிட்டு வந்து பாரு."

போல்ட்டின் தலையில் சந்தனம். அதன் மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. அதற்கு மேல் கிளிப்பை மாட்டி வைத்திருந்தார்கள். ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதுகலை மாணவிகள் துறை முழுவதும் கழுவித் துடைத்து, தராசிலிருந்து கதவுப் பூட்டு வரை பொட்டு வைத்திருந்தார்கள். இந்தக் கிளிப்பைக் கழற்றி, போல்ட்டுக்கும் ஒன்று வைத்துவிட்டு, பத்திரமாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கூண்டுக்கும் பூமிக்கும் நடுவே சந்தனம் சுவர் எழுப்பிவிட்டது.

"யாருக்கா இவ்வளவு அக்கறையா வச்சது?"

"அவளுகளத் திட்டாத. பொரிய வாயில போட்டுக்கிட்டு, 'என் மெசினை மட்டும் விட்டுறாதீங்கடி, அது கோவிச்சுக்கும்'னு கத்துனது நான்தான்."

உப்புத்தாளால் போல்ட்டைத் தேய்த்தார். கிளிப்பை மாட்டியதும் திரையில் அந்தப் பட்டை அப்படியே சுருங்கி ஒரு கோடானது. நான் கைதட்டிவிட்டேன். அக்கா அலமாரியில் இருந்த குங்குமப் பொட்டலத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டி, கூண்டு நிற்கும் மரச்சட்டத்தைக் காட்டினார். "இங்க வையி. கரண்டு இங்கிட்டுப் போகாது. எடுத்துட்டோம்னு பிள்ளைக மனசு கஷ்டப்படக்கூடாது பாரு." வைத்தேன்.

புதன்கிழமை, குடுவைகளிலிருந்து தட்டுகளுக்கு மாற்றிய செல்கள் படர்ந்து வளரக் காத்திருந்தோம். வியாழக்கிழமை காலையில் அது நடந்தது.

நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, அக்கா முனையை ஒரு சிறு மோட்டாரால் மெல்ல இறக்கினார். பேராசிரியர் பின்னால் நின்றார். வெளியே திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, அதனால் மின்னோட்டம் மேலே நின்றது. முனை செல்லைத் தொட்டு, இன்னும் இறங்கியது. திரையில் கோடு சரேலென்று கீழே விழுந்து, அங்கே அமைதியாக ஓடத் தொடங்கியது. செல்லுக்குள் குளுக்கோஸ் வெளியில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் செல் அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பார்க்க விரும்பியது இதைத்தான்.

"உள்ள போயிருச்சு!" என்றார் பேராசிரியர். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. கேன்டீனுக்கு ஆள் போனது. டீயும் உளுந்து வடையும் வந்தன. பக்கத்துத் துறையிலிருந்துகூட இரண்டு பேர் வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேராசிரியர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அக்கா இருக்கையை விட்டு எழவில்லை.

"சார், வெளிய ஒரு சொட்டு குளுக்கோஸ் விட்டுப் பாத்துர்றேன்."

"எதுக்கும்மா? முனை நல்லா இருக்கு, கோடு நல்லா இருக்கு. யாராச்சும் கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

"நான் கேக்குறேனே சார்."

பேராசிரியர் போனை மேசைமேல் வைத்தார். அந்தச் சோதனையின் நியாயம் எல்லோருக்கும் புரிந்திருந்தது. முனை உண்மையில் உள்ளே இருந்தால், வெளியே விழும் சர்க்கரை அதற்கு உடனே தெரியக்கூடாது. செல்லின் தோலில் உள்ள வாசல்கள் வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வர வேண்டும். உடனே தெரிந்தால் முனை வெளியேதான் இருக்கிறது.

அக்கா தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். கோடு அக்கணமே எழும்பி உச்சிக்குப் போனது.

முனை செல்லைத் துளைக்கவில்லை. அதன் தோலை உள்நோக்கி அழுத்திக் குழியாக்கி, அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. குழிக்குள் திரவம் எளிதாக வந்து சேராததால்தான் முதலில் கோடு விழுந்தது. நாங்கள் பார்த்தது செல்லின் உட்புறத்தை அல்ல, அதன் வாசல்படியை.

அக்கா அந்தப் பதிவை அழிக்கவில்லை. கோப்புக்கு 'தொட்டது, நுழையவில்லை' என்று பெயரிட்டுச் சேமித்தார். பிறகு ஒரு வடையை எடுத்துக் கடித்து, "ஆறிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்லவேளை, யாருக்கும் போன் போடல" என்றார். அவர் வெட்கப்படவில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு கேட்டார்: "அந்தச் சொட்ட விடாம இருந்திருந்தா?"

"ரெண்டு வார்த்தையும் தலைப்புல இருந்திருக்கும் சார்" என்றார் அக்கா. "ஆனா நானே படிக்கும்போது அந்த எடத்துல கண்ண மூடிக்கணும்."

மதியம் கேன்டீன் வாசலில் நின்றபடி நான்தான் சொன்னேன்: "நுங்குல விரல வச்சு அமுக்குற மாதிரிக்கா. தோலு உள்ள போகுது, ஆனா கிழியல."

"நீ நுங்கு தின்னு பழகுன லெச்சணம் இதுதானா? மெதுவா அமுக்குனா நழுவிக்கிட்டே இருக்கும், கடைசியில தண்ணி மூஞ்சில அடிக்கும். டக்குனு ஒரே குத்து. அவ்வளவுதான்."

"அப்ப முனையையும்?"

"அதைத்தான் காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். தொடுற வரைக்கும் மெதுவா போகட்டும். தொட்டதும் மோட்டார ஒரே ஒரு தாவு தாவ விடணும். முனை இன்னும் மெலிசா வேணும். நீ மோட்டாரப் பாத்துக்க, நான் முனையப் பாத்துக்கிறேன்."

அன்று பிற்பகல் முழுவதும் அவர் கண்ணாடி இழுத்தார். மோட்டாரின் நகர்வு சிறிய, வேகமான ஒரே அடியாகும்படி நான் அதன் நிரலை மாற்றி எழுதினேன். என் வேலையில் நான் பெருமைப்படும் பகுதி அது. ஆனால் அடுத்த மேசையில், பாதி வார்த்தையில் நின்று நின்று தொடர்ந்த அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே செய்ததால்தான் என் கையும் நிதானமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல தட்டுகள் கொஞ்சமே மிச்சம் இருந்தன. ஆம்ப்ளிஃபயரின் காலிப் பெட்டி கதவருகே தயாராக இருந்தது. முதல் செல் குத்தியதும் வெடித்துச் சுருங்கிவிட்டது. அடுத்ததில் முனை உடைந்தது. அக்கா இரண்டு முறையும் "சரி" என்று மட்டும் சொல்லிப் புது முனையை மாட்டினார். அந்தச் 'சரி'யில் சலிப்பே இல்லை. ஒரு கதவு பூட்டியிருப்பதைத் தெரிந்துகொண்டு அடுத்த கதவுக்குப் போகிறவரின் 'சரி' அது.

மூன்றாவது செல். முனை இறங்கியது. தொட்டது. அக்கா விரலை உயர்த்தினார். நான் பொத்தானை அழுத்தினேன். கோடு விழுந்தது. நேற்று விழுந்ததைப் போலவேதான். அதனால் இந்த முறை கேன்டீனுக்கு யாரும் போகவில்லை.

அக்கா ஒரு சொட்டு விட்டார்.

கோடு அசையவில்லை. நான் திரையையே பார்த்தேன். அது அப்படியே ஓடியது, சொட்டு விழுந்ததே தெரியாதது போல. இதுவரை எத்தனையோ கோடுகள் எழும்புவதற்காகக் காத்திருக்கிறேன். எழும்பாமல் இருக்கவேண்டும் என்று ஒரு கோட்டைப் பார்த்து வேண்டிக்கொண்டது அன்றுதான். பிறகு, வெகு மெதுவாக, காலையில் சுவரில் ஏறும் வெயில் போல, அது மேலே வரத் தொடங்கியது. வெளியே விழுந்த குளுக்கோஸ் செல்லின் வாசல்களில் ஒவ்வொன்றாக நுழைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஏறி, நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அந்தச் செல் அதைச் சாப்பிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சாப்பிடுவதை, ஒரு கோடாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேராசிரியர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். முனையை வெளியே எடுத்து, அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசலில் வைத்தார். முனை சரியாகக் காட்டியது. உள்ளே போய் வந்தும் அது கெட்டுப்போகவில்லை. அதன் பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க சார்."

பேராசிரியருக்கு அவர் தொழிலின் கவலை வந்துவிட்டது. "ஒரே செல்லு போதுமான்னு கேப்பாங்கம்மா. மறுபடி செய்ய இன்னிக்கு நேரமும் இல்லையே."

"ஒண்ணுதான்னு எழுதிருவோம் சார். அதுல என்ன மறைக்கிறதுக்கு இருக்கு? ஆனா 'உள்ள'ன்னு எழுதுவோம்."

அவர் தலையை ஆட்டினார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும். நேத்தைய படத்தையும் பக்கத்துலயே போடு." அக்கா நிமிர்ந்து பார்த்தார். அதை எப்படிக் கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியில் வைத்தோம். திருச்சிப் பேருந்தில் இந்த முறை அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். பெட்டி என் மடியில். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவர் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. துப்பட்டா காற்றில் என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. நான் அதை விலக்கவில்லை.

கீரனூர் வேகத்தடையில் பேருந்து குலுங்கியபோது, தூக்கத்திலேயே அவருடைய இரண்டு கைகளும் சட்டென்று மடியைப் பொத்தின. மடியில் ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டம் சீரான பிறகும் அந்தக் கைகள் கொஞ்ச தூரம் அப்படியே இருந்தன.